சிரட்டை நீரும் கொசுவும்



தேங்காயைத் துருவி எடுத்தபின் எஞ்சும் ஓட்டைச் சென்னைப் பக்கத்தார் கொட்டாங்கச்சி என்பர். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் அதற்குச் சிரட்டை என்று பெயர். மலையாளத்திலும் ஏறத்தாழ அதே சொல்தான். ஆகவே தென்பாண்டிச் சீமையிலிருந்து கேரளம் வந்து சேர்ந்த நம்மவர்க்கு, இங்கே புதிதாகக் கற்க வேண்டியிராத சொற்களுள் சிரட்டையும் ஒன்று. ஆனால் அந்தச் சிரட்டையில் ஓர் அங்குல ஆழத்துக்கு நிற்கும் மழைநீர் உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை மூன்று மாதம் முடக்கிவிடும் என்பதை நாம் இங்கு வந்துதான் கற்றுக்கொண்டோம்.

நாம் வாழும் வித்துரா, திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். மேலே பொன்முடி, போனக்காடு ஆகிய இடங்களில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கீழே சரிவுகள் எங்கும் ரப்பர் மரங்கள். வைகாசி நடுவில் தொடங்கும் மழையை இங்குள்ளோர் இடவப்பாதி என்பர்; ஐப்பசியில் வருவதைத் துலாவருஷம் என்பர். இவ்விரண்டும் போதாவென்று கோடையிலும் பிற்பகல் வேளைகளில் இடியோடு மழை கொட்டும். மழைக்கு ஏங்கிய ஊர்களிலிருந்து வந்தவர் நாம். இந்த மழையைக் கண்டு முதலில் மகிழ்ந்தோம். வாளியையும் குடத்தையும் அண்டாவையும் தாழ்வாரத்தின் ஓரத்தில் வரிசையாக வைத்துப் பிடித்துக்கொண்டோம். நீரைச் சேமிப்பது நம் இரத்தத்தில் ஊறிய பழக்கம். அதில் குற்றம் இல்லை. மூடாமல் வைத்ததே குற்றம்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைக் காணாத நேயர்களுக்காக ஒரு சொல். மரப்பட்டையைச் சாய்வாகக் கீறி, அதன் கீழ் முனையில் ஒரு தகட்டைச் செருகி, அதற்கும் கீழே சிரட்டையையோ பிளாஸ்டிக் கிண்ணத்தையோ கம்பியில் பொருத்தி வைப்பர். விடியுமுன் வெட்டினால் முற்பகலில் பால் சேகரிக்கலாம். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 150 முதல் 200 மரங்கள் நிற்கும். மரத்துக்கு ஒரு சிரட்டை. மழைக்காலத்தில் வெட்டு நின்றால் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுக்கும்போதும் அவ்வாறே செய்ய வேண்டும். செய்வாரும் உண்டு, செய்யாதாரும் உண்டு. ரப்பர் விலை வீழ்ந்த ஆண்டுகளில் பலர் வெட்டையே நிறுத்திவிட்டனர். மரம் நின்றது, சிரட்டையும் மரத்திலேயே வாய் திறந்து நின்றது. கோடை மழை பெய்தது. ஒரு சரிவில் ஆயிரம் மரமென்றால் ஆயிரம் சிறு குளங்கள் உண்டாயின. நிழலும் ஈரமும் உதிர்ந்த இலையும் கலந்த நீர். ஒருவகைக் கொசுவுக்கு இதனினும் உகந்த இடம் வேறில்லை.

அது எந்தக் கொசு? கொசு என்றாலே சாக்கடையை நினைப்பது நம் வழக்கம். யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அத்தகைய அழுக்கு நீரை நாடுவது உண்மையே. ஆனால் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவின் போக்கு வேறு. அது சாக்கடையை நாடாது. சிறு கலங்களில் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். அவற்றுள் ஏடிஸ் எகிப்தி நகரத்து வீடுகளோடு ஒட்டி வாழ்வது. மற்றொன்றாகிய ஏடிஸ் அல்போபிக்டஸ், தோட்டங்களிலும் மரநிழலிலும் வாழ்வது. கரிய உடலில் வெள்ளை வரிகள் இருப்பதால் அதைப் புலிக்கொசு என்றும் கூறுவர். கேரளத்தில் பெரும்பாலும் இந்தப் புலிக்கொசுவே நோயைப் பரப்புகிறது. இரண்டும் பகலில் கடிப்பவை. காலையிலும் மாலை மயங்கும் முன்பும் மிகுதியாகக் கடிக்கும். இரவில் வலை கட்டிப் படுத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்பவர், விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்க் கடி வாங்குகிறார்.

கேரளத்தில் டெங்கு 1997-இல் கோட்டயம் மாவட்டத்தில் முதன்முதலாக வெளிப்பட்டது. 2006-இல் ஆலப்புழைக் கரையோரத்தில் சிக்குன்குனியா பரவியது. மறு ஆண்டு மலைநாட்டுக்கு ஏறி, ரப்பர் விளையும் மாவட்டங்களை வாட்டியது. அவ்வாண்டு பரவிய நோய்க்கிருமியில், புலிக்கொசுவின் உடலில் எளிதாகப் பெருகுவதற்கு உதவும் ஒரு மாறுதல் இருந்ததென ஆராய்ச்சியாளர் கண்டனர். கிருமியும் கொசுவும் சிரட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன என்று சொல்லலாம். 2017-இல் டெங்கு மாநிலம் முழுவதும் பரவி, ஏறத்தாழ 20,000 பேருக்கு உறுதிசெய்யப்பட்டது. அவர்களில் மிகுதியானவர் திருவனந்தபுரம் மாவட்டத்தினர். 2021 ஜூலையில் இதே மாவட்டத்தில், கேரளத்தில் அதுவரை காணாத ஸிக்கா காய்ச்சலும் தலைகாட்டியது. அதையும் பரப்புவது ஏடிஸ் இனமே.

சிக்குன்குனியா என்பது ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழிச் சொல். நோயாளி மூட்டுவலியால் வளைந்து நிற்கும் நிலையைக் குறிப்பது. தமிழ்நாட்டுக்கும் அது புதிதன்று. 1964-இலேயே சென்னையில் பெரிதாகப் பரவியதுண்டு. 2007-இல் நம் குடும்பத்தில் மைத்துனர் ஒருவருக்கு அந்நோய் கண்டது. பால் வெட்டுவது அவர் தொழில். வெட்டும் மரத்தின் கணக்குக்குத்தான் கூலி. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. விரல் மூட்டுகளோ மூன்று மாதம் வரை வெட்டுக்கத்தியைப் பிடிக்க இடம் தரவில்லை. கத்தியைக் கையில் வாங்கிப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். அம்மூன்று மாதமும் மளிகைக் கடைக் கணக்கில் ஏறிய தொகை, அடுத்த ஆண்டு ஓணம் வரை தீரவில்லை. காய்ச்சலை நாம் உடல்நோய் என்று மட்டும் எண்ணுகிறோம். கூலிக்கு உழைப்பவன் வீட்டில் அது கடன் நோயுமாகும்.

அப்போது நாம் ரப்பர் தோட்டத்தைப் பழித்தோம். சிரட்டையைக் கவிழ்க்காத முதலாளியைப் பழித்தோம். நம் வீட்டு முற்றத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

2017-இல் வீட்டுப் பெண்குழந்தைக்கு டெங்கு கண்டு, அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்து மீண்டு வந்தாள். வீடு திரும்பிய இரண்டாம் நாள், அந்த வட்டாரத்து ஆஷா பணியாளர் வந்தார். கையில் ஒரு டார்ச் விளக்கு. அவர் வருவதைக் கண்டதும் வீட்டிலுள்ளோர் சற்று முகம் சுளித்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. நாள்தோறும் பெருக்கி, வாசல் தெளித்துக் கோலமிடும் வீடு. இங்கே கொசுவுக்கு என்ன வேலை என்னும் எண்ணம். அவர் சமையலறைக்குள் வந்து குளிர்ப்பெட்டியின் பின்புறத் தட்டைப் பார்த்தார். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளைப் பார்த்தார். பின்பு கொல்லைப்புறம் சென்று, வாழைக்கருகே கிடந்த ஆட்டுக்கல்லின் முன் குனிந்து விளக்கை அடித்தார்.

அந்த ஆட்டுக்கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது பாட்டி அதை விட்டுவர மறுத்துவிட்டார். அம்மி கிடைக்கும், உரல் கிடைக்கும், ஆனால் கைபழகிய ஆட்டுக்கல் கிடைக்காது என்பது அவர் வாதம். லாரிக்காரருக்குத் தனிக்கூலி கொடுத்து அதைக் கொண்டுவந்தோம். மின்சாரக் கிரைண்டர் வந்தபின் அதற்கு வேலை இல்லாது போயிற்று. குழவியை எடுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தோம். கல்லைக் கொல்லையில் கிடத்தினோம். அதன் குழியில் மழைநீர் தேங்கியிருந்தது. விளக்கொளி பட்டதும் அந்த நீரில் நூறு கூத்தாடிப் புழுக்கள் நெளிந்து கீழே ஓடின.

“அம்மா, இங்கே வந்து பாருங்கள்” என்று அவர் பாட்டியை அழைத்தார். பாட்டி குனிந்து பார்த்தார். “இதிலா அரைத்தேன்!” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவர் சரியாக உண்ணவில்லை.

குழந்தைக்கு நோய் தந்த கொசு அந்தக் கல்லில்தான் பிறந்தது என்று எவரும் சாதிக்க முடியாது. ஆனால் ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. நம்மைக் கடிக்கும் கொசு நம் முற்றத்திலோ பக்கத்து வீட்டு முற்றத்திலோ வளர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

அந்தப் பெண்மணி அன்று விளக்கிய ஒரு செய்தியை நேயர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். நீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நாம் எண்ணியிருந்தோம். அது போதாது. ஏடிஸ் கொசு நீரின்மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. ஒரு முறைக்கு நூறு முட்டை வரை இடக்கூடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்தபடியே உயிரோடு கிடக்கும். மீண்டும் நீர் ஏறி அவற்றைத் தொட்டதும் பொரியும். ஆதலால் தொட்டியையும் வாளியையும் கவிழ்த்தபின், தேங்காய் நாரோ துடைப்பக்கட்டையோ கொண்டு உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். பாத்திரம் விளக்கும் கைக்கு இது பெரிய வேலையன்று.

முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை நீரை அகற்றிவிட்டால் ஒரு தலைமுறையும் பறக்காது. கேரளச் சுகாதாரத் துறை இந்தக் கணக்கை வைத்தே பள்ளிகளுக்கு வெள்ளிக்கிழமை, அலுவலகங்களுக்குச் சனிக்கிழமை, வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று உலர் நாள் வகுத்திருக்கிறது. ‘டிரை டே’ என்றே ஊரில் வழங்குகிறது. மதுக்கடை மூடும் நாளுக்கும் அதே பெயர் இருப்பதால், முதன்முதலில் அறிவிப்பைக் கேட்ட நம்மவர் சிலர் வேறுவிதமாகப் பொருள் கொண்டு கவலைப்பட்டனர் என்று சொல்வார்கள்.

இந்த வழி புதிதன்று. சர் ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் மலேரியாவின் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டவர். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு, 1883-இல், அவர் பங்களூரில் இளம் இராணுவ மருத்துவராக இருந்தபோது, தம் சாளரத்துக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் கூத்தாடிப் புழுக்கள் நெளியக் கண்டார். தொட்டியைக் கவிழ்க்கச் செய்தார். அறையில் கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இவ்வாறே செய்யலாம் என்று படை அதிகாரி ஒருவரிடம் கூறியபோது, அது இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்று அவர் மறுத்துவிட்டாராம். 1901-இல் கியூபாவின் ஹவானா நகரில் கோர்காஸ் என்னும் மருத்துவர் வீடுவீடாக ஆட்களை அனுப்பி, நீர்க்கலங்களை மூடியும் கவிழ்த்தும், ஏடிஸ் எகிப்தி பரப்பிய மஞ்சட்காய்ச்சலைச் சில மாதங்களுக்குள் அந்நகரிலிருந்து அகற்றினார். அவரிடம் தடுப்பூசி இல்லை.

இப்போது பலர் புகையடிப்பதையே பெரிதாக நம்புகின்றனர். தெருவில் புகைவண்டி வந்து ஓசையோடு வெண்புகை கக்கினால் ஏதோ நடந்தது போன்ற மனநிறைவு ஏற்படுகிறது. நோய் பரவும் வேளையில் பறக்கும் கொசுவைக் கொல்ல அது ஓரளவு பயன்படும். சிரட்டைக்குள் கிடக்கும் புழுவை அது தொடுவதில்லை. அந்தப் புழு நான்கு நாள் கழித்துப் பறக்கும்.

வெளிமாநிலங்களில் வேறு இடங்களில் வாழும் நேயர்களுக்கு ரப்பர் சிரட்டை இல்லாதிருக்கலாம். டில்லியில் வாழ்வோர் சாளரத்தில் பொருத்திய காற்றுக் குளிர்விப்பானின் நீர்த்தட்டைப் பார்க்க வேண்டும். 1996-இல் அந்நகரில் டெங்கு பரவி, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி, நானூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மும்பையில் இருப்போர் கூரைமேல் விரித்த தார்ப்பாயின் மடிப்புகளையும், அதன்மேல் பாரத்துக்காக ஏற்றிவைத்த பழைய டயர்களையும் பார்க்க வேண்டும். பங்களூரில் கட்டட வேலைக்குப் போவோர், சுவரை நனைக்கத் தேக்கிய நீர்த்தொட்டியை நினைவில் கொள்ள வேண்டும். இங்கே வித்துராவிலோ கமுக மரத்திலிருந்து விழும் மட்டை, வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை, இளநீர்க் கூடு, வீட்டுச் சன்ஷேடின் மூலையில் அடைத்துக்கொண்ட சருகு ஆகியவை எல்லாம் கலங்களே. குடிநீர்த் தொட்டியைக் கவிழ்க்க இயலாது. அதன் வாயைப் பழைய வேட்டித் துணியால் இழுத்துக் கட்டலாம். கிணற்றுக்கு நெருக்கமான வலை போடலாம். கப்பி மீன்களை விடலாம்.

“இது வாடகை வீடு, நமக்கென்ன?” என்னும் பேச்சை நம்மவரிடையே அடிக்கடி கேட்கிறோம். வந்த இடத்தில் நாம் ஒட்டிக்கொண்டு வாழ்கிறோம். வீடு ஒருவருடையது, தோட்டம் இன்னொருவருடையது. அவர்கள் பொருளில் கை வைப்பானேன் என்னும் தயக்கம் இயல்பானதே. ஆனால் சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே, கொசு வளரும் நீரை அகற்றும் பொறுப்பு வீட்டுக்கு உரியவரோடு குடியிருப்பவருக்கும் உண்டு என வகுத்திருந்தனர். கேரளத்திலும் 2023-இல் புதிய பொதுச் சுகாதாரச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுவோம். கொசு பத்திரத்தைப் பார்த்துக் கடிப்பதில்லை, குடியிருப்பவரைத்தான் கடிக்கிறது.

காய்ச்சல் கண்டவர் வீட்டில் இருந்தால் பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் இருத்துங்கள். முதல் சில நாள்களில் அவரைக் கடிக்கும் கொசுவே கிருமியை ஏற்று, எட்டுப் பத்து நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கிறது. கடைக்குப் போய் உடல்வலிக்கென்று ஆஸ்பிரினோ இப்யூபுரூஃபனோ வாங்கிக் கொடுக்க வேண்டா; டெங்குவில் அவை இரத்தக் கசிவை மிகுக்கும். மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போதும். நீர் ஆகாரம் நிறையக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் தணிந்த அன்றே நோயும் போயிற்று என்று வேலைக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்தான நாள் அதற்குப் பின்தான் வருகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, மயங்கிய சோர்வு, இவற்றுள் ஒன்று கண்டாலும் இரவென்றும் பாராது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆட்டுக்கல்லை என்ன செய்தீர்கள் என்று நேயர்கள் கேட்கக்கூடும். உடைத்துப் போடப் பாட்டி சம்மதிக்கவில்லை. கவிழ்க்க நால்வர் வேண்டியிருந்தது. தோட்டத்து ஆட்கள் வந்து கைகொடுத்தனர். இன்று அது குப்புறக் கிடக்கிறது. பாட்டி அதன்மேல் அமர்ந்து கீரை ஆய்கிறார்.

வீட்டுக்குப் பின்னுள்ள ரப்பர் சரிவின் உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். வெட்டு நின்று ஆண்டுகள் பல ஆயின. அவருடைய பொருள் என்று நெடுநாள் தொடாமல் இருந்தோம். சென்ற பங்குனியில் அவருக்குத் தொலைபேசியில் பேசினோம். “சேட்டா, சிரட்டைகளைக் கழற்றிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டதற்கு, இதற்கும் அனுமதி வேண்டுமா என்று சிரித்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், குடும்பசிரீ மகளிர் சிலரும் நம் வீட்டாருமாகச் சென்று, கைக்கெட்டிய சிரட்டைகளையெல்லாம் கழற்றினோம். காய்ந்தவை அடுப்புக்கு ஆயின. ஓடைக்கு அப்பால் உள்ள சரிவு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் உரிமையாளர் யார் என்று கிராமப் பஞ்சாயத்தில் விசாரித்திருக்கிறோம். இடவப்பாதிக்கு இன்னும் மூன்று வாரம் உள்ளது.